ஒட்டாதுன்னு உனக்குத் தெரியும்

"அன்புள்ள"ன்னு எழுதிட்டுக் கிழிச்சுப் போட்டேன். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் கிழிச்சேன். அதனால அந்த வார்த்தையை விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். உன் கம்பெனி திறப்பு விழாவுக்கு நான் வரல. அம்பத்தூர் எஸ்டேட்ல பெரிய ஹால் பிடிச்சிருக்கே, வாசல்ல என் படத்தையும் அப்பா படத்தையும் சேத்து போர்டு வைக்கப் போறேன்னு சொன்னே, கேமராக்காரங்க ரெண்டு பேரை நேத்து வீட்டுக்கே அனுப்பிட்டே. வந்த பசங்க நல்ல பசங்க. காபி குடுத்தேன், குடிச்சாங்க. "அம்மா, சார் அவங்க அப்பா காலை நினைச்சுதான் இந்த ஷீட்டையே கண்டுபிடிச்சாராமே, அதைப் பத்தி நீங்க உங்க வாயால கொஞ்சம் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல. அந்தக் காலைப் பத்தி என் வாயால சொன்னா உன் விழா நடக்காது, அதனாலதான் சொல்லல. அதை இங்க சொல்றேன். இந்தக் கடிதத்தை ஃபோட்டோ எடுத்து நம்ம குடும்ப குரூப்புல போடப் போறேன். உன் சித்தப்பா, சித்தி, மாமா பசங்க எல்லாரும் படிப்பாங்க. என்னைப் பத்திப் பேசினது எல்லாரும் இருக்கிற இடத்துலதானே, உன்னைப் பத்திப் பேசுறதும் அங்கதான்.

நீ என்ன வேலை செய்யறேன்னு எனக்குப் புரியாதுன்னு உனக்கு ஒரு நினைப்பு. எனக்குப் புரிய வச்சதே நீதான். திருநின்றவூர் வீட்டு அடுப்பங்கரை மேடை மேல ஏறி உட்கார்ந்துகிட்டு, நான் தோசை ஊத்த ஊத்த தின்னுகிட்டே சொன்னே. "அம்மா, ஊர் உலகமே ஒட்டாத தவா கேக்குது. நான் ஒருத்தன்தான் ஒட்டற தவா தேடி அலையறேன்"னு சிரிச்சே. ஆபரேஷன்ல வெட்டித் தூக்கிப் போடற கொழுப்புல இருந்து ஸ்டெம் செல்லைப் பிரிச்சு எடுப்பீங்க, அதை ஒரு மெல்லிசு ஷீட்டு மேல விடுவீங்க, அது ஷீட்டைப் பிடிச்சுகிட்டுப் பரவினா அதைக் கொண்டுபோய் ஆறாத புண்ணு மேல வைக்கலாம், புதுத் தோல் வளர வழி பிறக்கும்னு சொன்னே. ஷீட்டு வழவழன்னு இருந்தா செல்லுக்குக் காலூன்ற இடம் இல்ல, உருண்டை கட்டிக்கிட்டுக் கிடந்து கொஞ்ச நேரத்துல செத்துரும், மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு வேணும், தண்ணியைத் தள்ளிவிடாத தன்மை வேணும், அதுக்குப் பழக்கமான புரதத்துல ஒரு பூச்சு வேணும், அப்பதான் அது கையை நீட்டிப் பிடிக்கும்னு சொன்னே. நான் கேட்டேன், ஒட்டிச்சா இல்லையான்னு எப்படிடா தெரிஞ்சுக்குவீங்கன்னு. "கழுவிப் பாப்போம்மா. உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கு, அதை ஊத்தி மெதுவா அலசுவோம். நின்னா ஒட்டியிருக்கு. போச்சுன்னா ஒட்டல. அவ்ளோதான்." அந்த அவ்ளோதானை நான் மறக்கல. எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு. பக்கத்து வீட்டுல போய் இதையே அப்படியே ஒப்பிச்சேன், அவங்க என்னை டாக்டர் ரேஞ்சுக்குப் பாத்தாங்க.

உங்கப்பாவுக்கு உன்னைப் பத்தி என்னைவிடப் பெருமை. ஆவடி ஃபாக்டரில வாழ்நாள் பூரா வேலை பாத்து, குவாட்டர்ஸ்ல குடித்தனம் பண்ணி, ரிட்டையர் ஆனதும் இந்த வீட்டைக் கட்டினாரு. பட்டாபிராம்ல பொறந்து வளர்ந்த மனுசன், பேச்செல்லாம் அந்தப் பேச்சுதான். நீ சின்னதுல அவரை நைனான்னு கூப்பிடுவே. காலேஜ் போனதும் அப்பா ஆனாரு. இப்ப மேடையில "மை ஃபாதர்" ஆயிட்டாரு. அவரு கடைசி வரைக்கும் உன்னைச் செல்லமா நைனான்னுதான் கூப்பிட்டாரு, அதையும் கேமராவுல சொல்லிக்கோ. ரிட்டையர் ஆனப்புறமும் ஃபாக்டரி ஷூவைத்தான் மாட்டிக்கிட்டு வாக்கிங் போவாரு. சக்கரை வந்து காலு மரத்துப் போன மனுசன், ஷூவுக்குள்ள ஒரு ஜல்லிக்கல்லு கிடந்து நாள் பூரா குத்தியிருக்கு, தெரியாமயே ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு. ராத்திரி சாக்ஸைக் கழட்டினப்ப நான்தான் பாத்தேன். அந்தப் புண்ணு ஆறவே இல்ல. கிளினிக் நர்ஸ் சொல்லிக் குடுத்தபடி தினம் காலையில தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற விட்டு, உப்புக் கரைச்சு, அலசி, துடைச்சு, கட்டுப் போடுவேன். அவரும் காலை நீட்டிக்கிட்டு பேப்பர் படிப்பாரு. நாங்க ரெண்டு பேரும் அன்னியோன்னியமா இருந்த கடைசிக் காலம் அதுதான்னு இப்ப நினைச்சுப் பாத்தா தெரியுது.

தீபாவளி முடிஞ்ச கையோட டாக்டரம்மா சொல்லிட்டாங்க, ரெண்டு விரலை எடுத்துடலாம், தள்ளிப் போட்டா மேல ஏறும்னு. விரல் போனா போகுது, நடந்தா போதும்னு நான் சரின்னுட்டேன். நீதான் வேணாம்னே. கிளினிக் வராண்டாவுல என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, எனக்குக் கொஞ்சம் டைம் குடு, வெட்டாமலே ஆத்திக் காட்டறேன்"னு சொன்னே. உங்கப்பா முகம் அப்படியே மலர்ந்து போச்சு. "எம்புள்ள கீறான்மே, எதுக்கு வெட்டிகினு"ன்னாரு. ஒரு நல்ல மழை நாள்ல, தெருவுல ஏரித்தண்ணி கணுக்கால் அளவு நிக்குது, நீ மடியில தெர்மோகோல் பெட்டியை வச்சுகிட்டு ரயில்ல வந்து, பேண்ட்டை மடிச்சுவிட்டு தண்ணில நடந்து வந்தே. லேப்ல யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன், வெளிய சொல்லாதீங்க, சொன்னா என் படிப்பே போயிடும்னே. கையில உறை மாட்டிக்கிட்டு, இடுக்கியால அந்த வெள்ளை ஷீட்டை எடுத்து உங்கப்பா புண்ணு மேல வச்சே. அவரு சாமிக்கு முன்னாடி நிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. மேல துணியைச் சுத்தி, என் கிட்டத் திரும்பி, "நான் சொல்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது, தண்ணி படக் கூடாது"ன்னே. நீ யாரு தெரியுமா சொல்றது? முட்டியில பிளாஸ்திரி ஒட்டினா அரை மணிக்கொரு தரம் பிரிச்சுப் பாத்து, ஆறிடுச்சா ஆறிடுச்சான்னு கேட்டுக் கேட்டு, கடைசில சீழ் வச்சு ஊசி போட வச்ச பையன். உன் புண்ணுக்குப் பொறுமை இல்ல. அடுத்தவன் புண்ணுக்கு ரொம்பப் பொறுமை.

நீ லேப்ல ரிப்போர்ட் எழுதணும்னு அங்கேயே தங்கிட்டே. இங்க நாலாம் நாள் காலையில உங்கப்பாதான் கூப்பிட்டாரு. "இன்னாம்மே, ஒரே நாத்தமா கீது. அவுத்துப் பாரு." உனக்கு ஃபோன் பண்ணினேன், எடுக்கல. திரும்பவும் பண்ணினேன். உள்ள இருக்கும்போது ஃபோன் எடுக்க மாட்டேன்னு நீ சொல்லி வச்சிருந்தே. அவருக்கு உடம்பு அனலா கொதிக்குது. கட்டைப் பிரிச்சேன். ஷீட்டு வெளுப்பா கொழகொழன்னு, புண்ணைத் தொடாம மேல மிதந்துகிட்டு இருந்துச்சு, கீழ பச்சையா சீழ் கோத்திருந்துச்சு. நான் என்ன செய்வேன், தினம் என்ன செஞ்சேனோ அதைச் செஞ்சேன். ஆறின தண்ணில உப்புக் கரைச்சு ஊத்தினேன். முதல் சொம்புலயே அந்த ஷீட்டு வழுக்கிக்கிட்டுப் போய் பாத்ரூம்ல தண்ணி போற சல்லடையில நின்னுச்சு. இழுக்கல, தேய்க்கல, பிய்க்கல. தண்ணிதான் ஊத்தினேன். அப்பவே ஆட்டோ பிடிச்சு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க இருந்து ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு.

அங்க வேற ஒரு டாக்டரம்மா புண்ணைப் பாத்துட்டுக் கேட்டாங்க, இதை இப்படி நாள் கணக்கா இறுக்கி மூடி வச்சது யாருன்னு. நீ அப்பதான் ஓடி வந்து நின்னே. என்னைப் பாத்தே. அந்தப் பார்வை எனக்குப் புரிஞ்சுது. "நான்தாம்மா மூடினேன், ஏதோ பச்சிலை வச்சா ஆறும்னு ஒருத்தங்க சொன்னாங்க"ன்னு சொன்னேன். நர்ஸுங்க முன்னாடி அந்தம்மா என்னைத் திட்டின திட்டு இருக்கே, படிக்காததுங்கன்னு, அறிவில்லாததுங்கன்னு. வாங்கிக்கிட்டேன். நீ சுவத்துல சாஞ்சு நின்னு கேட்டுக்கிட்டு இருந்தே. அது வரைக்கும் சரி. பெத்தவ வாங்கிக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அன்னிக்கே வெளிய வந்து, படிக்கட்டுல, உங்க அத்தை இருக்கும்போது, சித்தப்பா இருக்கும்போது நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? "யாரும்மா உன்னைக் கழுவச் சொன்னது? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பிடிச்சிருக்கும். எல்லாத்தையும் கழுவி ஊத்திட்டியே." அவ்வளவு சத்தமா நீ என்கிட்டப் பேசினதே இல்ல. டாக்டருக்கு மூடினவ நான், குடும்பத்துக்குத் திறந்தவ நான். உன் பக்கம் எதுவுமே ஒட்டல.

முட்டிக்குக் கீழ காலை எடுத்தாங்க. மயக்கம் தெளிஞ்சு, போர்வை ஒரு பக்கம் தட்டையா கிடக்கிறதைப் பாத்துட்டு அவரு முதல்ல கேட்டது உன்னைத்தான். நீ என்ன சொன்னியோ தெரியாது. நான் கஞ்சியை எடுத்துக்கிட்டு உள்ள போனப்ப முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. "என் காலைக் கழுவி ஊத்திட்டு கஞ்சி எட்துகினு வந்துகீறா பாரு"ன்னு சுவத்தைப் பாத்துச் சொன்னாரு. நீங்கதானே அவுத்துப் பாருன்னீங்கன்னு ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். "நான் ஆயிரம் சொல்வேன். படிச்ச புள்ள சொன்னத வுட்டுட்டு எம்பேச்சக் கேப்பியா?" வெட்டின இடம் ஆறினப்புறமும் அதைத் துடைக்க என்னை விடல. தெருமுனையில இருந்து ஒரு ஆளை வரவழைச்சுக் குளிக்க வச்சுக்கிட்டாரு. அவரு உடம்புல என் கையால ஒரு சொட்டுத் தண்ணி பட விடல, சாகிற வரைக்கும். சோறு போட்டா சாப்பிடுவாரு, மாத்திரை குடுத்தா முழுங்குவாரு, தண்ணி கொண்டு போனா மட்டும் கீழ வைன்னுவாரு. சனி ஞாயிறுன்னா நீ வருவே, அவரு பக்கத்துல உட்கார்ந்து பேசுவே. என்னை அவரு குத்திப் பேசும்போதெல்லாம் உன் கண்ணு ஃபோனுக்குப் போகும். நான் அதை வெட்கம்னு நினைச்சுக்கிட்டேன். எங்கம்மாவைத் திட்டறாங்களேன்னு பையன் கூசறான்னு. பாவம்னு உனக்கு ரெண்டு வடை அதிகமா வச்சேன்.

அவரு போன அன்னிக்கு நடந்ததை எழுதணுமான்னு ரொம்ப யோசிச்சேன். எழுதத்தான் வேணும், ஏன்னா நீ அதையும் மறந்திருப்பே. வாசல்ல பெஞ்சு போட்டு அவரை உட்கார வச்சு, எண்ணெய் சீயக்காய் வச்சாங்க. வந்தவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா தண்ணி ஊத்தினாங்க. எதிர்வீட்டுப் பொண்ணு ஊத்துச்சு. ஃபாக்டரில கூட வேலை பாத்தவங்க ஊத்தினாங்க. அவரைக் குளிக்க வச்ச அந்த ஆளு அழுதுகிட்டே ஊத்தினாரு. கட்டின பொண்டாட்டி நான் சொம்பை எடுத்துக்கிட்டு வந்தேன். உங்க அத்தை என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. ரொம்ப அழுத்திக்கூடப் பிடிக்கல. "நீ ஊத்தாத. ஊத்தின வரைக்கும் போதும்"னாங்க. தெருவே கேட்டுச்சு. யாரோ என் கையில இருந்து சொம்பை வாங்கிக்கிட்டாங்க, யாருன்னு பாக்கல. நான் உன்னைத்தான் பாத்தேன். இடுப்புல ஈர வேட்டி, தோள்ல குடம் தூக்கத் தயாரா நின்னே. என்னை நேரா பாத்தே. அப்புறம் ஐயர் எங்கன்னு கேட்டே. அன்னிக்கு முழுக்க அதை மட்டும்தான் கேட்டே, ஐயர் எங்க, ஐயர் எங்கன்னு. அப்பவும் நான் உன்னைத் தப்பா நினைக்கல. நான்தான் பாவி, நான்தான் அவசரக்காரி, ரெண்டு நாள் பொறுத்திருந்தா அவரு நடந்திருப்பாருன்னு நம்பிக்கிட்டு மூலையில போய் உட்கார்ந்தேன்.

இந்த நம்பிக்கையை உடைச்சவனும் நீதான். பெருமைக்குத்தானே கூட்டிட்டுப் போனே என்னை, பூந்தமல்லிப் பக்கம் அந்த இன்ஜினியரிங் காலேஜுக்கு. நான் மூணாவது வரிசையில, மடியில டிபன் டப்பாவோட. நீ மேடையில படம் போட்டுப் பேசினே. நல்லாத்தான் பேசினே, பசங்க சிரிக்கச் சிரிக்கக் கேட்டாங்க. திடீர்னு ஒரு ஃபோட்டோ வந்துச்சு. உங்க லேப்ல ஆயுத பூஜை. இன்குபேட்டருக்குச் சந்தனப் பொட்டு, மைக்ராஸ்கோப்புக்குச் சாமந்தி மாலை, முன்னாடி பொரி கடலையோட ஒரு கண்ணாடித் தட்டு. நீ சொன்னே, "இது எங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்த வருஷம். இந்தத் தட்டுல இருக்கிறது எங்க முதல் மாடல் ஷீட்டு. பூஜை அன்னிக்குக் காலையிலதான் கழுவிப் பாத்தோம். ஒரு செல்லு கூட நிக்கல, மொத்தமா போயிடுச்சு. நாலாவது தடவை அப்படி. இது ஒட்டவே ஒட்டாதுன்னு எங்களுக்கே புரிஞ்சுபோச்சு. சரி, சரஸ்வதியாவது ஒட்ட வைக்கட்டும்னு தட்டைத் தூக்கி சாமி முன்னாடி வச்சுட்டோம்." எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த படத்துல, பொங்கலுக்கு அப்புறம்தான் பூச்சை மாத்தினோம், அதுக்கப்புறம்தான் முதல் தடவையா பிடிச்சுதுன்னே. என் பக்கத்துல இருந்த பொண்ணு எங்கிட்டக் குனிஞ்சு, "ஆன்ட்டி, சார் உங்க பையனா, சூப்பரா பேசறாரு"ன்னுச்சு. ஆமாம்மான்னேன். ஆயுத பூஜை முன்னாடி, தீபாவளி பின்னாடி. அதுக்குப் படிச்சிருக்கணும்னு இல்ல, காலண்டர் பாக்கத் தெரிஞ்சா போதும்.

திரும்பி வரும்போது காட்டுப்பாக்கத்துல கார் நகராம நின்னப்ப நான் கேட்டேன். நீ மறந்திருந்தா குரூப்புல இருக்கிறவங்களுக்காகவாவது இருக்கட்டும்னு எழுதறேன். "அப்பா கால்ல வச்சது எந்த ஷீட்டுடா?" நீ ஜன்னல் பக்கம் பாத்தே. "பழசுதாம்மா. அப்ப வேற ஏது." "ஒட்டாதுன்னு தெரிஞ்சா வச்சே?" "லேப்ல ஒட்டல. உடம்புல உயிர் இருக்கு, ரத்தம் ஓடுது, ஒருவேளை ஒட்டும்னு நினைச்சேன்." "அப்ப நான் கழுவினதுல போச்சுன்னியே?" நீ ஃபோனை எடுத்தே. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம். அவரே போயிட்டாரு." டிரைவர் பையன் கண்ணாடியில ஒரு தடவை பாத்துட்டு ஏசியைக் கூட்டினான். அவ்ளோதான். அலசிப் பாத்தேன், நிக்கல. நீ சொல்லிக் குடுத்ததுதான்.

நீ என்ன சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். அப்பா காலைக் காப்பாத்தணும்னு ஆசைப்பட்டேன்னு சொல்லுவே. அந்த ஆசையை நான் குறை சொல்லல. உங்கப்பா காலு போறதைப் பாக்க முடியாம ஒண்ணை நம்பினே, நானும் உன்னை நம்பினேன், அதுல ரெண்டு பேரும் ஒரே படகு. லேப்ல இருந்து திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்ததைக்கூட நான் மறைச்சேன், இன்னும் மறைச்சிருப்பேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல பயத்துல வாய்ல வந்ததைக் கத்தினே, சரி, அதையும் விட்டேன். ஆனா மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். அவரு கஞ்சியைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டப்ப சொல்லியிருக்கலாம். என் கையில சொம்பு இருந்தப்ப, ஒரே ஒரு வார்த்தை, "அத்தை, விடுங்க, அம்மா மேல தப்பு இல்ல." அவ்வளவு போதும். அப்ப உன் படிப்பு முடிஞ்சு பட்டமும் வாங்கியாச்சு, உனக்குப் போக ஒண்ணும் இல்ல. இருந்தும் ஐயரைத் தேடினே. ஒரு பொய்யை ஒரு நாள் சொல்றவன் பயந்தாங்கொள்ளி. அதை வருஷக்கணக்கா, சனிக்கிழமை தோறும் வந்து, நான் சுட்ட வடையைத் தின்னுகிட்டே காப்பாத்தினவனுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. உன்னைப் பெத்த வாயால அதைச் சொல்ல வேணாம்னு பாக்கறேன்.

புத்தி சொல்ற வயசு எனக்கு, கேக்கற வயசு உனக்கு இல்ல. இருந்தாலும் பெத்த கடனுக்குச் சொல்றேன். நாளைக்கு உன் ஷீட்டை வாங்கிட்டுப் போய் எவ்வளவோ பேரு அவங்கவங்க வீட்டு மனுசங்க புண்ணு மேல வைப்பாங்க. இப்ப இருக்கிறது நல்லா பிடிக்குதுன்னு சொல்றாங்க, சந்தோஷம், ஊரு காலெல்லாம் ஆறட்டும். ஆனா ஏதாவது ஒரு வீட்டுல பிடிக்காமப் போகும். அப்ப அந்த வீட்டுல யாரு கை ஈரமா இருந்துச்சுன்னு தேடாதே. புண்ணைக் கழுவறவ யாரா இருந்தாலும் அவ ஆஸ்பத்திரிக்குப் பயந்தவ, புருஷனுக்குப் பயந்தவ, உன் படிப்புக்கும் பயந்தவ. நீ சொன்னா நம்பிடுவா. நான் நம்பினேன் பாரு. உனக்கு ஒருத்தி வருவா, அவகிட்டயும் இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ காட்ட மாட்டே, அதனாலதான் குரூப்புல போடறேன்.

அப்புறம் அந்தப் பேரு. ஷீட்டுக்கு அப்பா பேரை வைக்கப் போறேன்னு ஃபோன்ல சொன்னியே. வைக்காதே. அவரு பேரைச் சொல்லி ஒரு பொட்டலம் வித்தா, அதை வாங்கறவன் அந்தக் காலோட கதையைக் கேப்பான். நீ சொல்ற கதையில நான் கழுவினவளா இருப்பேன், இல்லன்னா நான் இருக்கவே மாட்டேன். ரெண்டுமே வேணாம். குத்துவிளக்கு ஏத்த வேற யாராவது நல்ல அம்மாவைப் பாத்துக்கோ. இந்த ஊர்ல அம்மாக்களுக்குப் பஞ்சம் இல்ல.

கடிதத்தை இதோட நிறுத்தியிருப்பேன். ஆனா குரூப்புல போடறதுக்கு முன்னாடி ஒரு இடத்துல படிச்சுட்டுத்தான் போடணும்னு தோணுச்சு. இன்னிக்குக் காலையில பட்டாபிராம் போனேன், உங்க அத்தை வீட்டுக்கு. அவங்களுக்குக் கண்ணுல புரை, எழுத்துத் தெரியாது. அந்த வாசப்படியை நான் மிதிச்சு வருஷமாச்சு. உள்ள வான்னு சொல்லல, போன்னும் சொல்லல. நான் பாட்டுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு முதல் வரியில இருந்து படிச்சேன். ஆயுத பூஜை வந்தப்ப, நிறுத்து, மறுபடி படின்னாங்க. படிச்சேன். கார்ல நீ சொன்னதையும் மறுபடி படிக்கச் சொன்னாங்க. அப்புறம் சேலை முந்தானையை எடுத்து முறுக்கினாங்க. என்னைத் தொட்டு ஆறுதல் சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேனோ என்னவோ, அதெல்லாம் இல்ல. "அவன் அப்பவே ஒரு வார்த்த சொல்லிருந்தான்னா, சொம்ப உன் கையில குட்த்திருப்பேனேடி. உன்னத்தானே மொதல்ல ஊத்த வுட்டிருப்பேன்"னாங்க. நான் அழல. அவங்கதான் அழுதாங்க. போகும்போது குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேட்டாங்க, வாங்கிக் குடிச்சேன்.

என் புருஷனை நான் குளிப்பாட்டி அனுப்பல. இனிமே முடியாது. எவ்வளவு நல்ல பூச்சுப் பூசினாலும் அதை நீ எனக்குச் செஞ்சு குடுக்க முடியாது, அதனால எனக்கு நீ எந்தப் பதிலும் எழுத வேணாம், மன்னிப்பும் கேக்க வேணாம், நான் படிக்க மாட்டேன். ஆனா உங்க அத்தை உன் நம்பரைக் கேட்டாங்க. பெரிய எழுத்தா ஒரு அட்டையில எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். பேரன் வந்து போட்டுக் குடுப்பானாம். உள்ள இருக்கேன், லேப்ல இருக்கேன்னு சொல்லாம, இந்த ஒரு ஃபோனை எடு.